பெரிய டூரிங் பைக், ட்ரைக் இன்ஜின்கள்: சூடானதும் வரும் ‘டிக் டிக்’ சத்தம், எதைப் பார்ப்பது?

#1 மூன்றாம்சக்கரம்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஏர் கூல்டு வி-ட்வின், அதாவது காற்றால் குளிரும், இரண்டு சிலிண்டர் வி வடிவில் நிற்கும் இன்ஜின் வைத்த டூரிங் வண்டி. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அந்த எடையை இரண்டு காலால் தாங்கி நிற்க முடியவில்லை, அதனால் ட்ரைக் கிட் போட்டு மூன்று சக்கரமாக மாற்றிக்கொண்டேன். இப்போது 70,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் சுத்தமாக இருக்கிறது. அரை மணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடானதும் வலது பக்கம், முன் சிலிண்டருக்குக் கீழே இருந்து ‘டிக் டிக்’ என்று ஆரம்பிக்கிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அதற்கேற்ப வேகமாகிறது. இரண்டு பேர், பெட்டி நிறைய சாமான், ஏற்றம் என்றால் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. சூடான ஐடிலில் ஆயில் பிரஷர் முள்ளும் முன்பைவிடக் கீழே நிற்கிறது.

சர்வீஸ் சென்டரில் காட்டினேன். “இந்த இன்ஜின் எல்லாம் இப்படித்தான் சத்தம் போடும்” என்று சொல்லி ஆயிலை மாற்றி அனுப்பிவிட்டார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. நீண்ட பயணம் ஒன்று போக வேண்டியிருக்கிறது. ஓட்டலாமா, நிறுத்தலாமா? எங்கே பார்க்க ஆரம்பிப்பது?

#2 ராட்செட்

இப்போது என்ன ஆயில் போட்டிருக்கிறீர்கள்? 20டபிள்யூ-50 என்றால் அதைவிடக் கெட்டியான கிரேடு ஒரு முறை போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சத்தம் அடங்கிவிடுகிறது.

#3 வால்வுக்காரர்

ராட்செட் தம்பி, கெட்டி ஆயில் சத்தத்தை அடக்கும், தேய்மானத்தை நிறுத்தாது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடிப்போம்.

வி-ட்வினில் ‘டிக்’ சத்தம் வரக்கூடிய இடங்கள் நிறைய. எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிந்தாலும் அப்படித்தான் கேட்கும். ஆனால் அது குளிர்ந்த இன்ஜினில் பலமாக இருந்து, சூடேறி உலோகம் விரிந்ததும் குறையும். உங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது. சூடானதும் ஆயில் இளகுகிறது, பிரஷர் இறங்குகிறது, அப்போது ஒரு பாகம் வாய் திறக்கிறது என்றால் அது ஆயிலை நம்பி வேலை செய்யும் பாகம். வலது பக்கம், சிலிண்டருக்குக் கீழே என்கிறீர்கள். வால்வுகளைத் திறக்கவைக்கும் கேமும், அதன் அசைவை மேலே கொண்டுபோகும் ஹைட்ராலிக் லிஃப்டர்களும் இருப்பது அங்கேதான். இடது பக்கம் என்றிருந்தால் பிரைமரி (இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின் பகுதி), அதிலுள்ள காம்பன்சேட்டர் என்று வேறு வழியில் போயிருப்பேன்.

லிஃப்டரின் அடியில் ஒரு சின்ன ரோலர் உண்டு. அது கேம் மேல் உருள்கிறது. அந்த ரோலருக்குள் வரிசையாக மெல்லிய ஊசி பேரிங்குகள். அதற்கு மேல் ஆயிலால் நிரம்பி வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் பகுதி. நெடுநேரம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சில நொடி ‘டிக் டிக்’ என்று கேட்டு அடங்கினால் அது ஆயில் வடிந்திருந்த மேல் பகுதி மறுபடி நிரம்புவது, கவலையில்லை. சூடானதும் வந்து, வந்தபின் போகாமல் நிற்கும் சத்தத்தை மட்டும் சும்மா விடக்கூடாது. ஊசிகள் தேய ஆரம்பித்தால் ரோலர் ஆடும். ரோலர் ஆடினால் கேமைத் தின்னும். அந்தத் துகள் ஆயிலோடு பம்ப், பேரிங் என்று எல்லா இடத்துக்கும் போகும்.

பிரஷரைப் பற்றி ஒரு வார்த்தை. சூடான ஐடிலில் முள் கீழே போவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹார்லியின் ட்வின் கேம் இன்ஜின் கையேட்டில்கூட அளவு சொல்லியிருப்பது ஐடிலுக்கு இல்லை, நன்றாகச் சூடான இன்ஜினில் 2,000 ஆர்பிஎம்முக்கு, 30 முதல் 38 பிஎஸ்ஐ வரை. உங்கள் வண்டிக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். டேஷ்போர்டு மீட்டரை விட்டுவிட்டு, முள் வைத்த தனி கேஜ் ஒன்றை மாட்டி அந்த ஆர்பிஎம்மில் அளந்து எழுதுங்கள்.

அதற்கு முன்னால் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆயில் ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பாருங்கள். ஹேக்ஸா பிளேடு வேண்டாம், அறுக்கும்போது விழும் இரும்புத் தூளே உங்களை ஏமாற்றிவிடும். ஃபில்டர் கட்டரால் மூடியைச் சுற்றி வெட்டி எடுங்கள். உள்ளே இருக்கும் மடிப்புத் தாளைப் பிரித்து, சுத்தமான துணியில் வைத்து வைஸில் இறுக்கி ஆயிலைப் பிழியுங்கள். பிறகு வெயிலில் விரித்து ஒவ்வொரு மடிப்பாகப் பாருங்கள், காந்தம் வைத்துத் தடவுங்கள். அதுவரை ஓட்ட வேண்டாம்.

#4 பழையவண்டி

வால்வுக்காரர் ஐயா சொன்னதற்கு மேல் ஒன்று. டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போல வழவழப்பாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் நெருடினால் கவனிக்க வேண்டும். நகத்தால் எடுக்கும் அளவுக்குத் துண்டு வந்தால் வண்டியை ஸ்டார்ட்கூட செய்யாதீர்கள்.

#5 தொலைவழி

நான் ஆறு சிலிண்டர் ஃபிளாட் சிக்ஸ் ஓட்டுபவள், வி-ட்வின் பற்றி ஐயா அளவுக்குத் தெரியாது. ஆனால் மூன்று சக்கரம் என்று படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. கிட் மாட்டியபோது பின்பக்க கியர் ரேஷியோவை மாற்றினார்களா, அப்படியே விட்டார்களா?

ட்ரைக் ஆக்கியதும் இன்ஜின் செய்ய வேண்டிய வேலை மாறிவிடுகிறது, பலர் இதை யோசிப்பதில்லை. ஆக்சில், டிஃபரன்ஷியல், இரண்டு அகல டயர், பெரிய பாடி என்று எடை ஏறுகிறது. தொழிற்சாலையிலேயே ட்ரைக்காக வரும் ஹார்லியின் டிரை கிளைட் போன்ற வண்டி 550 கிலோவுக்கு மேல், அதுவும் ஆள் ஏறுவதற்கு முன். எடையைவிட முக்கியம் காற்று. பின்னால் அகலமாகிவிட்டதால் நெடுஞ்சாலை வேகத்தில் காற்றைத் தள்ளவே கூடுதல் சக்தி வேண்டும். அதே ரேஷியோ, அதே டாப் கியர், அதே வேகம் என்றால் த்ராட்டில் முன்பைவிட அதிகம் திறந்திருக்கும். எரிபொருள் அதிகம், சூடு அதிகம், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் தண்டு மேல் அடி அதிகம். இரண்டு சக்கரத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடக்கூடிய பாகம் இங்கே அதற்கு முன்னாலேயே கேட்கத்தான் செய்யும்.

#6 மூன்றாம்சக்கரம்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அக்கா, ரேஷியோ மாற்றவில்லை. பைக்காக இருந்தபோது என்ன கியரில் ஓட்டினேனோ அதே கியரில்தான் இப்போதும் போகிறேன். ஆறாவது போட்டால் ஆர்பிஎம் குறைந்து இன்ஜின் அமைதியாக இருக்கும், அதனால் பாகங்களும் நீடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஃபில்டர் கட்டருக்குச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் வெட்டிப் பார்த்துப் படம் போடுகிறேன்.

#7 வால்வுக்காரர்

மேற்கோள்: *“ஆறாவது போட்டால் ஆர்பிஎம் குறைந்து இன்ஜின் அமைதியாக இருக்கும்”*

இதை மட்டும் தனியாக எடுத்துப் பேச வேண்டும், ஏனென்றால் பெரிய வண்டிகளை அதிகமாகக் கெடுப்பது இந்த நம்பிக்கைதான்.

45 டிகிரி வி-ட்வினில் இரண்டு பிஸ்டனும் ஒரே கிராங்க் பின்னில் தொங்குகின்றன. ஒவ்வொரு எரிப்பும் ஒரு தனி அடி. அடிகளுக்கு நடுவில் இடைவெளியும் சமமாக இல்லை. ஆர்பிஎம் கூட இருந்தால் ஃபிளைவீல் வேகம் அந்த அடிகளை வாங்கிப் பரப்பிவிடும். 1,800 ஆர்பிஎம்மில் ஆறாவது கியரில், சுமையோடு, த்ராட்டிலை முக்கால் திறந்தால் ஒவ்வொரு அடியும் நேராக ராட் பேரிங்கிலும் காம்பன்சேட்டரிலும் விழுகிறது. அதே நேரத்தில் ஆயில் பம்பும் மெதுவாகச் சுற்றுகிறது. சுமை உச்சத்தில் இருக்கும்போது ஆயில் குறைவாக வருகிறது. பேரிங்குக்கும் அதில் சுற்றும் தண்டுக்கும் (ஜர்னல்) நடுவில் இருக்க வேண்டிய ஆயில் படலம் நசுங்கும் நேரம் அதுதான்.

காம்பன்சேட்டர் என்பது கிராங்கின் இடது முனையில், ஸ்பிரிங் வைத்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும் பாகம். 2007-க்குப் பிந்தைய பெரிய ஹார்லி இன்ஜின்களில் அது தேய்ந்து ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் ‘கடங்’ என்று அடிப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். டூரிங் வண்டிகளில் ஆறு கியர் வந்ததும் அதே 2007-ல்தான். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகக் கொடுத்த ஆறாவது கியரை ஊருக்குள் ஏற்றத்திலும் போட்டால் அந்தப் பாகம் என்ன செய்யும்?

கிராங்கும் இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஒரே துண்டு இல்லை. இரண்டு ஃபிளைவீலை ஒரு பின்னில் அழுத்திப் பொருத்தியது. தாறுமாறாக கியர் குறைத்தாலும், பின் டயரைப் புகைய விட்டாலும் இரண்டு பக்கமும் இம்மியளவு திருகிக்கொள்ளும். அதைத்தான் ரன்-அவுட் என்று டயல் கேஜ் வைத்து அளக்கிறோம். செயினுக்குப் பதில் கியரால் ஓடும் கேம் செட் போடுகிறவர்கள் 0.003 இஞ்சுக்கு மேல் ரன்-அவுட் இருந்தால் போடவே கூடாது என்று அந்த செட் செய்பவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆடும் கிராங்க் முனையில்தான் ஆயில் பம்பும் மாட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மூன்று சக்கரத்தில் சுமையோடு ஏறும்போது ஒரு கியர் குறைத்து, ஆர்பிஎம்மை 2,500-க்குப் பக்கத்தில் வையுங்கள். சத்தம் கூடும், கூடட்டும்.

#8 ராட்செட்

ஐயா, சூட்டை வைத்துப் பார்த்தால் கெட்டி ஆயில் என்று நான் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஏர் கூல்டு இன்ஜினில் டிராஃபிக்கில் நின்றால் பின் சிலிண்டருக்குக் காற்றே கிடையாது. ஆயில் 120 டிகிரியைத் தாண்டினால் எந்த கிரேடும் தண்ணீராகத்தான் ஓடும். சிந்தெடிக் ஆயிலாவது போடச் சொல்லலாமே?

#9 வால்வுக்காரர்

சிந்தெடிக் போடுவதில் எனக்கு மறுப்பே இல்லை. சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கெடாது. கிளட்ச், கியர் எல்லாம் ஒரே ஆயிலில் ஓடும் வண்டியானால் பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்று காட்டும் ஜேஏஎஸ்ஓ எம்ஏ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும். ஏற்கெனவே ஆடுகிற ரோலரை ஆயில் குணப்படுத்தாது என்று மட்டும்தான் சொன்னேன்.

சூட்டைப் பற்றி தம்பி சொன்னது சரி. அதனால்தான் பின்னால் வந்த ஹார்லிகளில் நிற்கும்போது பின் சிலிண்டருக்கு எரிபொருளை நிறுத்திவிடும் வசதி வைத்தார்கள். வண்டி நொண்டுவது போல இருக்கும், பயந்துவிடுவார்கள். அது கோளாறு இல்லை. பிறகு ஹெட்டை ஆயிலாலோ தண்ணீராலோ குளிரவைக்கும் வழிக்குப் போனார்கள். ஆயில் கூலர் இல்லாத ட்ரைக் என்றால் ஃபேன் வைத்த கூலர் மாட்டுவது நல்ல செலவு. ட்ரைக்கில் இது கூடுதல் முக்கியம், ஏனென்றால் கார் மாதிரி டிராஃபிக்கில் வரிசையில்தான் நிற்க வேண்டும், பைக் மாதிரி நடுவில் நுழைந்து போக முடியாது.

#10 ஆறுசிலிண்டர்

இத்தனை பேசுவதற்கு ஒரு ஹோண்டா கோல்ட் விங் வாங்கிவிடலாம். சாகாத இன்ஜின். லிஃப்டர், காம்பன்சேட்டர் என்று எந்தத் தலைவலியும் இல்லை.

#11 பழையவண்டி

சாகாத இன்ஜின் என்று எதுவும் கிடையாது நண்பரே. கோல்ட் விங் எனக்கும் பிடித்த வண்டிதான், அதனாலேயே சொல்கிறேன்.

ஜிஎல்1200 என்ற பழைய கோல்ட் விங்கை எடுத்துக்கொள்ளுங்கள், 1984-ல் வந்தது. இன்ஜின் அருமை. ஆனால் கரண்ட் கொடுக்கும் ஸ்டேட்டர் இன்ஜினுக்குள்ளே, பின்பக்கம் இருக்கிறது. அதிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்களின் கனெக்டர் சூடாகி உருகும், பிறகு ஸ்டேட்டரும் கருகும். அதை மாற்ற இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். பாகம் சின்னது, வேலை பெரியது. கனெக்டரை வெட்டிவிட்டு வயர்களை நேரடியாக சால்டர் செய்துவிடுவது அந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் செய்யும் வழக்கம். ஹோண்டாவும் இதைப் பார்க்காமல் இல்லை. 1988-ல் வந்த ஆறு சிலிண்டர் ஜிஎல்1500-ல் ஆல்டர்நேட்டரை வெளியே மாட்டினார்கள், இன்ஜினைத் திறக்காமலே கழற்றலாம்.

அடுத்தது டைமிங் பெல்ட். முதல் ஜிஎல்1000-லிருந்து ஜிஎல்1500 வரை கேம் ஓடுவது ரப்பர் பெல்ட்டில். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை அடிக்கும். 2001-ல் ஜிஎல்1800 வந்தபோதுதான் செயினுக்கு மாறினார்கள். அந்த 1,832 சிசி இன்ஜினிலும் முதல் இரண்டு வருட வண்டிகளில் சூடேறுகிறது என்ற புகார் இருந்தது.

யமஹா வென்ச்சர் இன்னொரு உதாரணம். 1983-ல் வந்த வி4, இன்ஜின் குதிரை மாதிரி. ஆனால் முதல் வருட வண்டிகளில் இரண்டாவது கியர் நிற்காமல் துள்ளி வெளியே வரும். காரணம் கியர்பாக்ஸுக்குள் ஒரு வாஷர். அந்த வாஷருக்காக மொத்த இன்ஜினையும் இறக்கிப் பிளக்க வேண்டியிருந்தது.

எந்த கம்பெனி நல்லது என்று கேட்பதைவிட, இந்த மாடலில் எந்தப் பாகம் முதலில் போகும், அதைப் பார்க்க எவ்வளவு கழற்ற வேண்டும் என்று கேட்பது பயன்படும்.

#12 ஆறுசிலிண்டர்

ஸ்டேட்டர் விஷயம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஹோண்டா, ஹார்லி இரண்டையும் சமமாக வைப்பது நியாயமில்லை. ஸ்டேட்டர் போனால் பேட்டரி இறங்கி வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஹார்லியின் ட்வின் கேம் 88 இன்ஜினில் கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் போனால் இன்ஜினே போகிறது. 1999 மாடலில் ஆரம்பித்து 2006 வரை ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் ஷூ. செயின் அதை அறுத்து அறுத்து, துகள் ஆயில் பம்புக்குள் போய், பிரஷர் இறங்கிய பிறகுதான் ஓட்டுபவருக்குத் தெரியும்.

#13 வால்வுக்காரர்

நீங்கள் சொல்வது உண்மை. நான் திறந்த டென்ஷனர்களில் ஷூவின் பிளாஸ்டிக் முழுசும் போய், செயின் அடியிலிருக்கும் உலோகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்ததும் உண்டு. வெளி ஷூவை கேம் கவரைக் கழற்றினாலே பார்த்துவிடலாம். கெடுதல் செய்வது உள் ஷூ, அது கேம் பிளேட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. வெளியில் இருப்பது நன்றாக இருக்கிறது என்று கவரை மூடிவிடுகிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 40,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

2007-ல் ஹைட்ராலிக் டென்ஷனரும் ரோலர் செயினும் வந்தன, ஹார்லியின் டைனா மாடல்களில் ஒரு வருடம் முன்னாலேயே. அதோடு அந்தப் பிரச்சினை பெருமளவு அடங்கிவிட்டது. பழைய இன்ஜினுக்கும் அந்த கேம் பிளேட்டை மாற்றிப் போட கிட் கிடைக்கிறது. பிளேட் திறந்திருக்கும்போதே உள் கேம் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். கூண்டு வைத்த பேரிங்கை எடுத்துவிட்டு, கூண்டில்லாமல் முழுக்க ஊசி நிறைந்ததைப் போடுவது வழக்கம்.

2017 மாடலில் வந்த ஹார்லியின் மில்வாக்கி-எய்ட் இன்ஜினில் ஒற்றை கேம், சிலிண்டருக்கு நான்கு வால்வு, நடுக்கத்தைக் குறைக்க பேலன்சர். நல்ல முன்னேற்றம். ஆனால் முதல் வண்டிகளில் வேறு மாதிரிப் புகார்கள். ஆயிலை கிராங்க்கேஸிலிருந்து பம்ப் முழுசாக உறிஞ்சி எடுக்காமல் கீழே தேங்கிவிடும். நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது யாரோ பிரேக் பிடித்தது போல இழுவை விழும், இன்ஜின் சூடேறும். கிராங்க் அந்த ஆயிலைக் கடைந்துகொண்டிருக்கும். பம்பைப் பிறகு திருத்தினார்கள். இன்னொன்று, கியர்பாக்ஸ் ஆயில் மெல்ல பிரைமரிக்குள் போய்ச் சேர்வது. இந்த வண்டிகளில் இன்ஜின், பிரைமரி, கியர்பாக்ஸ் மூன்றுக்கும் தனித்தனி ஆயில். கியர்பாக்ஸில் குறைந்து, வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை என்றால் பிரைமரியில் தேடுங்கள். அந்த வருட வண்டி வைத்திருப்பவர்கள் மூன்று ஆயில் அளவையும் அடிக்கடி பார்ப்பது நல்லது.

#14 மூன்றாம்சக்கரம்

ஃபில்டரை வெட்டிவிட்டேன். ஐயா சொன்னபடி பிழிந்து விரித்தேன். மடிப்புகளில் சாம்பல் நிற மினுமினுப்பு பரவலாக இருக்கிறது. அது போதாதென்று இரண்டு மடிப்புகளின் அடியில் கண்ணுக்குத் தெரியும் துண்டுகள். மெல்லியவை, ஒரு முனை உடைந்த ஊசி போல, பளபளப்பாக. காந்தம் வைத்ததும் நிமிர்ந்து நின்று ஒட்டிக்கொண்டன. பிளாஸ்டிக் துகள் எதுவும் இல்லை. படம் இணைத்திருக்கிறேன். கேஜ் மாட்டி அளந்ததில் 2,000 ஆர்பிஎம்மில் பிரஷர் கையேட்டு அளவுக்குள்தான் வருகிறது.

#15 வால்வுக்காரர்

படம் பார்த்தேன். அவை ரோலரின் ஊசிகள்தான். வண்டியைத் தொடாதீர்கள், மெக்கானிக் கடைக்குக்கூட ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். பிரஷர் சரியாக இருப்பது நல்ல செய்தி, பம்ப் இன்னும் கெடவில்லை என்று நம்பலாம்.

இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. புஷ்ராடுகளை (லிஃப்டரிலிருந்து மேலே வால்வு பக்கம் போகும் கம்பிகளை) எடுத்துவிட்டு, லிஃப்டர் கவரைக் கழற்றி நான்கு லிஃப்டரையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ரோலரையும் விரலால் பக்கவாட்டில் ஆட்டியும், மெதுவாகச் சுற்றியும் பாருங்கள். நல்ல ரோலர் வழுக்கிக்கொண்டு சுற்றும். கெட்டது நறநறக்கும்.

#16 மூன்றாம்சக்கரம்

திறந்தாயிற்று. இந்த முறை வேறு மெக்கானிக், பொறுமையானவர், கூடவே நின்று பார்க்க விட்டார். முன் சிலிண்டர் எக்ஸாஸ்ட் லிஃப்டரின் ரோலர் ஆடுகிறது, பாதி ஊசிகளைக் காணோம். அது ஓடிய கேம் லோபில், அதாவது கேமின் மேட்டில், அம்மைத் தழும்பு போலக் குழிகள். மற்ற மூன்று லிஃப்டரும் நன்றாக இருக்கின்றன. கேமை மாற்ற வேண்டும் என்கிறார். நல்ல மூன்று லிஃப்டரை அப்படியே போடலாமா?

#17 வால்வுக்காரர்

வேண்டாம். நான்கையும் மாற்றுங்கள். மற்ற மூன்றும் அதே கிலோமீட்டர், அதே ஆயில், அதே துகளோடு ஓடியவை. புது கேம் மேல் பழைய ரோலரை உருள விடக்கூடாது.

கவர் திறந்திருக்கும்போதே ஆயில் பம்பைப் பிரித்து உள்ளே கீறல் இருக்கிறதா என்று பாருங்கள், விரல் நகம் மாட்டினால் மாற்ற வேண்டும். கேம் பேரிங்குகளையும் புதுசாகப் போடுங்கள். கிராங்க் ரன்-அவுட்டை அளந்து சொல்லச் சொல்லுங்கள், அதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பலரும் மறப்பது ஆயில் கூலரையும் அதன் ஹோஸ்களையும். உடைந்த ஊசி கூலரின் மெல்லிய குழாய்க்குள் உட்கார்ந்துகொண்டு, எல்லாம் மாற்றி முடித்த பிறகு ஒருநாள் கிளம்பி வரும். கழுவி முழுசாக சுத்தம் செய்ய முடியாது. கூலரையே மாற்றிவிடுவது நிம்மதி. பூட்டி ஓட்டியதும் 100 கிலோமீட்டருக்குள் முதல் ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பாருங்கள், 500-ல் இன்னொன்று.

#18 தொலைவழி

அத்தோடு பின்பக்க ரேஷியோவையும் கேட்டுப் பாருங்கள். சில கிட்களுக்கு வேறு புல்லி கிடைக்கிறது. ஆர்பிஎம் கொஞ்சம் கூடும், ஸ்பீடோமீட்டரைத் திருத்த வேண்டியிருக்கும், மைலேஜ் குறையவும் கூடும். இருந்தாலும் சுமையோடு ஏற்றம் ஏறும் உங்களுக்கு அது ஏற்றது.

#19 ராட்செட்

ஆயிலை லேபில் கொடுத்துப் பரிசோதித்தால் இதெல்லாம் முன்னாலேயே தெரிந்திருக்குமா? இரும்பு, அலுமினியம், செம்பு என்று அளவு போட்டுத் தருகிறார்களே.

#20 பழையவண்டி

ஓரளவுக்குத் தெரியும். இரும்பு ஏறினால் சிலிண்டர், கேம், கியர் என்று சந்தேகிக்கலாம். அலுமினியம் என்றால் பிஸ்டன். செம்பும் ஈயமும் புஷ், பேரிங் பக்கம். சிலிக்கான் ஏறினால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி உள்ளே போகிறது என்று அர்த்தம், அதைச் சரிசெய்யாமல் வேறு எதை மாற்றியும் பிரயோசனமில்லை. ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் எடுத்து வரிசையாகப் பார்த்தால்தான் ஏறுகிறதா என்று தெரியும். ஆனால் இந்தப் பரிசோதனை பார்ப்பது ஆயிலில் கரைந்தது போல மிதக்கும் நுண்துகளை மட்டும். உடைந்து விழுந்த ஊசி அந்தச் சின்ன பாட்டிலுக்குள் வராது. அதனால் ஃபில்டரை வெட்டிப் பார்ப்பதை விடக்கூடாது.

#21 வால்வுக்காரர்

இதைப் படிக்கும் மற்ற ட்ரைக்காரர்களுக்கு இன்னொன்று, பேட்டரி. பெரிய வி-ட்வினில் பேட்டரி பலவீனமாக இருந்தால் ஸ்டார்ட்டர் கம்ப்ரஷனைத் தாண்ட முடியாமல் இன்ஜின் பின்னால் உதைக்கும். அந்த உதை காம்பன்சேட்டர், ஸ்டார்ட்டர் கிளட்ச் இரண்டிலும் விழுகிறது. பல்லு உடைந்த ஸ்டார்ட்டர் கிளட்சோடு வந்த வண்டிகளில் பேட்டரியை லோட் டெஸ்ட் செய்தால் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பம் இருக்கும். மெதுவாக ‘க்ர்ர்’ என்று முனகிக்கொண்டு ஸ்டார்ட் ஆகிறது என்றால், இன்னும் ஸ்டார்ட் ஆகத்தானே செய்கிறது என்று விடாதீர்கள். ரிவர்ஸ் மோட்டார் வைத்த ட்ரைக்கில் பேட்டரி இன்னும் சீக்கிரம் களைத்துப்போகும்.

#22 புதியபயணி

இழையை முழுசாகப் படித்தேன், நிறைய தெரிந்துகொண்டேன். எனக்கு ஒரு கேள்வி. தெரிந்தவர் வீட்டில் ஜிஎல்1200 ஒன்று ட்ரைக் ஆக்கி, கவர் போட்டு, பல வருடமாக நிற்கிறது. ஓடியது மிகக் குறைவு. “ஓடாத வண்டி, இன்ஜின் புதுசு மாதிரி, வந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள்” என்கிறார். போய்ப் பார்க்கலாமா? கேன்-ஆம் ஸ்பைடர் (முன்னால் இரண்டு சக்கரம் வைத்த மூன்று சக்கர வண்டி) ஒன்றும் பார்வையில் இருக்கிறது, பழைய 998 சிசி மாடல்.

#23 தொலைவழி

ஸ்பைடரைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதைப் பழையவண்டி அண்ணன் சொல்வார். 998 சிசி ரோடாக்ஸ் வி-ட்வின் ஆர்பிஎம்மை விரும்பும் இன்ஜின். அதை க்ரூஸர் மாதிரிக் குறைந்த ஆர்பிஎம்மில் திணறவிட்டு ஓட்டியிருந்தால் கிளட்சும் பெல்ட்டும் அடி வாங்கியிருக்கும், ஓட்டியவர் எப்படி ஓட்டுவார் என்று பேச்சுக்கொடுத்துத் தெரிந்துகொள்ளுங்கள். 2014-ல் ஆர்டி மாடலில் வந்த 1,330 சிசி மூன்று சிலிண்டர் நிதானமாக ஓட்ட ஏற்றது. நீண்ட தூரத்துக்கு எடுப்பதானால் கொஞ்சம் காத்திருந்து அதைத் தேடுங்கள்.

#24 பழையவண்டி

போய்ப் பாருங்கள், ஆனால் அவரை ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது, வயசும் உண்டு. பல வருடம் ஒரே நிலையில் வளைந்து நின்ற டைமிங் பெல்ட் முதல் சுற்றிலேயே பல் தாண்டலாம். அந்த இன்ஜினில் பல் தாண்டினால் வால்வு வளையும். ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜினின் முன்பக்கம் இரண்டு பெல்ட் கவர்கள் இருக்கின்றன. பெல்ட்டை எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். இரண்டு பெல்ட்டையும் மாற்றி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி மார்க் எல்லாம் சரியாக வந்து நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் செல்ஃப்.

ஸ்டேட்டர் வயரிங்கைப் பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். மூன்று மஞ்சள் வயரின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தால் சூடேறியிருக்கிறது. இன்ஜின் நிற்கும்போதே ஒவ்வொரு மஞ்சள் வயருக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே ஓம் பாருங்கள், தொடர்பே காட்டக்கூடாது. காட்டினால் ஸ்டேட்டர் போய்விட்டது, இன்ஜினை இறக்கும் கூலியைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். பெல்ட் வேலை முடிந்து வண்டி ஓடிய பிறகு, கனெக்டரைக் கழற்றிய நிலையில் ஏசி வோல்ட்டில் வைத்து மஞ்சள் வயர்களை இரண்டு இரண்டாக அளந்தால் மூன்று ஜோடியிலும் ஒரே அளவு வர வேண்டும்.

கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும், அதற்குத் தனிச் செலவு. ட்ரைக் ஆக்கியவர் யார், டிஃபரன்ஷியலில் என்ன ஆயில், ஆக்சில் சீல் கசிகிறதா என்பதையும் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். படம் போட்டால் நானும் பார்க்கிறேன்.